எங்கள் வீட்டில் இருந்த சச்சிகோ

பரிஸில், லா சப்பலில் என்னோடு வளர்ந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. நம்மில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர் உண்டு. ஒன்று பதிவுப் பெயர், மற்றது வீட்டுப் பெயர். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை பதிவுப் பெயரை வாசிக்கத் தொடங்கி நடுவில் ஒருமுறை மூச்சு வாங்குவார். அவர் மிச்சத்தை வாசிப்பதற்குள் நாம் கையைத் தூக்கிவிடுவோம். வீட்டுக்கு வந்தால் பேபி, சின்னவன், குஞ்சு என்று ஏதாவது ஒன்று. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

என் தங்கச்சிக்கு மட்டும் மூன்று பெயர்கள் இருந்தன. அதில் ஒன்று இப்போது இல்லை. அது ஒரு ஜப்பான்காரரின் பெயர்.

அப்போது எனக்குப் பத்து வயது. மெத்ரோ பாலத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், மூன்றாம் மாடியில், ஒரு அறையும் குசினியும் கொண்ட வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான். குசினியில் சித்தப்பா படுப்பார். ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும். அம்மா கந்தோர்களில் துப்புரவு வேலை செய்தார். அவரது கைகளில் எப்போதும் தரை கழுவுகிற ஜவேல் தண்ணீர் மணக்கும். மிளகாய்த்தூள் வறுக்கிற நாளில் மட்டும் அந்த மணம் தோற்றுவிடும், அந்த மாடி முழுக்கத் தும்மும்.

ஆறாம் மாடியில் ஒரு மதாம் இருந்தார். அம்மாவைவிட இருபது வயதாவது மூத்தவர். தனியாக இருந்தார். உடுப்புக் கடைகளுக்கு அளவு திருத்தித் தைத்துக் கொடுப்பது அவருக்கு வேலை. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே கதைப்பார். எங்கள் ஆட்கள் அவரைச் 'சீனத்தி' என்றுதான் சொல்வார்கள். அவர் ஜப்பான்காரர் என்பது அப்பாவுக்கு மட்டும் தெரியும். ஏனென்றால் அப்பாவும் அவரும் ஆங்கிலத்தில் கதைப்பார்கள். கலியாணம் முடித்து பிரான்சுக்கு வரமுன் அவர் தன் ஊரில் ஒரு கப்பல் கம்பனியில் டைப் அடித்தவராம். அப்பா ஊரில் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். பரிஸில் தட்டுக் கழுவினார். பிரெஞ்சுக்காரர் முன்னால் அப்பா வாய் திறக்கமாட்டார். படிக்கட்டில் அந்த மதாமைக் கண்டால் மட்டும் நிமிர்ந்து நின்று, ஊரில் கணக்குப் பரிசோதகர் வந்தால் கதைப்பது போலக் கதைப்பார். எனக்கு அப்பாவை அப்படிப் பார்க்கப் பிடிக்கும்.

தங்கச்சி பிறந்தது அந்தக் கோடையில். பிறந்ததும் அப்பா ஊருக்கு அப்பப்பாவுக்குக் கடிதம் போட்டார். பிறந்த நேரத்தை எழுதி, சாத்திரியாரிடம் காட்டி, நட்சத்திரத்துக்குரிய எழுத்தைக் கேட்டு, எண்ணும் பார்த்துப் பெயர் அனுப்பச் சொல்லி. நமது வழக்கம் உங்களுக்குத் தெரியும். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த பிறகுதான் பெயர். அதுவரை பிள்ளை வெறும் பிள்ளை. ஊரில் சண்டை. கடிதம் கொழும்பு சுற்றி வர ஒரு மாதமும் எடுக்கும், இரண்டு மாதமும் எடுக்கும். அப்பாவுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

ஆனால் இந்த நாட்டில் பிள்ளை பிறந்தால் மூன்று நாளுக்குள் மெரியில், நகரசபைக் கந்தோரில் போய்ப் பதிய வேண்டும். அப்பாவுக்குப் பதிய வேண்டும் என்பது தெரியும். பெயரும் அப்போதே வேண்டும் என்பது தெரியாது. கதைத்துத் தர மதாமைக் கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன்.

கவுண்டரில் இருந்தவர் நல்ல மனிதர். எல்லாவற்றையும் சிரித்தபடியே எழுதினார். பெயர் என்ன என்று கேட்டார். அப்பா ஆங்கிலத்தில் மதாமிடம், பெயர் இனித்தான் வரும், ஒரு மாதம் செல்லும், இப்போதைக்கு வெறுமையாக விடச் சொல்லுங்கள் என்றார். மதாம் அதைப் பிரெஞ்சில் சொன்னார். அந்த மனிதர் பேனையை வைத்துவிட்டார்.

"வெறுமையாக விட முடியாது மிஸ்யூ. நீங்கள் சொல்லாவிட்டால் நான் கலண்டரைப் பார்த்து ஒன்றை எழுத வேண்டிவரும்" என்று சுவரில் தொங்கிய கலண்டரைக் காட்டினார். பகிடிக்குத்தான் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன். அப்பா பகிடியாக எடுக்கவில்லை. கலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புனிதரின் பெயர் இருந்தது. அப்பாவின் நெற்றியில் விபூதி இருந்தது. வேர்த்துப்போய் என்னைப் பார்த்தார், பிறகு மதாமைப் பார்த்தார்.

"உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டார்.

ஒரு வருடத்துக்கு மேலாகப் பழகியும் அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சச்சிகோ."

"அதுதான். அதையே எழுதச் சொல்லுங்கள்."

மதாம் அப்பாவிடம் இரண்டுதரம் திருப்பிக் கேட்டார். நிச்சயமாகவா? நிச்சயமாக, நிச்சயமாக என்றார் அப்பா. அவருக்கு இரவு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மதாம் கவுண்டர் பக்கம் திரும்பித் தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். சொல்லி முடித்ததும், அந்த மனிதருக்கும் அப்பாவுக்கும் எனக்கும் தனித்தனியாகக் குனிந்து வணக்கம் செய்தார். எனக்கு அதுவரை யாரும் குனிந்து வணக்கம் செய்ததில்லை.

வீட்டில் சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன அண்ணை, ஜப்பான் சாமானோ? அப்ப லேசிலை பழுதாப்போகாது!"

"சும்மா இரடா. அவசரத்துக்கு வைச்சது. கடிதம் வரட்டும், மாத்துவம்."

"மாத்த விடுவாங்களோ இவங்கள்? பிள்ளைக்கு ஜப்பானிலை ஒரு மாப்பிளையைப் பாக்கவேண்டியதுதான்."

"உங்கடை வாயைக் கொஞ்சம் மூடுங்கோ, பிள்ளை நித்திரை" என்றார் அம்மா. ஆனால் அம்மாவும் சிரித்தார்.

முப்பத்தோராம் நாள் வந்தது. கடிதம் வரவில்லை. அம்மா வீடு கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, புக்கை பொங்கினார். ஊரிலிருந்து பெயர் வராததால் பிள்ளையின் காதில் ஓத ஒன்றும் இல்லை. மத்தியானம் மதாம் கதவைத் தட்டினார். கையில் ஒரு சுருள். விரித்தபோது தடித்த வெள்ளைத் தாளில் தூரிகையால் எழுதிய மூன்று எழுத்துகள் இருந்தன. மை மணம் அறைக்குள் வந்தது. கற்பூரம் போல ஏதோ ஒரு மணம்.

அன்று அவர் நெடுநேரம் இருந்தார். கால் மடித்துப் பாயில் இருந்தார். அம்மாவுக்காகப் பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார், அம்மாவுக்குப் பிடிபடாததை நான் தமிழில் சொன்னேன். அவர்கள் நாட்டில் பெயரின் ஓசை ஒன்று, எழுத்து வேறொன்றாம். ஒரே ஓசையைப் பல எழுத்துகளில் எழுதலாம். எழுத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் தாய் தகப்பனின் ஆசை இருக்கிறதாம். எழுத்து மாறினால் அர்த்தமும் மாறும். 'கோ' என்பது பிள்ளை. முந்தி அரண்மனைப் பெண்களுக்கும் பெரிய வீட்டுப் பெண்களுக்கும்தான் கடைசியில் 'கோ' வரும். பிறகு எல்லோரும் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் படித்த வகுப்பில் மட்டும் மூன்று சச்சிகோக்கள். பெரிய சச்சிகோ, நடுச் சச்சிகோ, சின்னச் சச்சிகோ. இவர் சின்னவர்.

"உங்கடை பேருக்கு என்ன கருத்து?" என்று அம்மா கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

சந்தோஷம் என்றார். நல்ல காலம் என்றும் சொல்லலாமாம். தங்கள் நாட்டில் சண்டை நடந்த வருடங்களில் பிறந்த பெண் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பெயர்தானாம். "சாப்பாடு இல்லாத காலத்தில்தான் சந்தோஷம் என்று பெயர் வைக்கத் தோன்றும்" என்றார். அம்மா எழுந்து போய் அவருக்கு இன்னும் கொஞ்சம் புக்கை போட்டுக்கொண்டு வந்தார்.

"இப்போது எங்கள் நாட்டில் யாரும் இதை வைப்பதில்லை. வீதியில் நின்று சச்சிகோ என்று கூப்பிட்டால் என்னைப் போன்ற கிழவிகள்தான் திரும்பிப் பார்ப்பார்கள்" என்று சொல்லி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு தொட்டிலைப் பார்த்தார். "இங்கே ஒரு புதுச் சச்சிகோ."

அந்தத் தாளில் அவர் எழுதியது தன் எழுத்துகள் அல்ல. அவருடையது இரண்டு எழுத்து. தங்கச்சிக்கு மூன்று எழுதியிருந்தார். பல நாள் யோசித்து, எழுதி எழுதிக் கிழித்து, கடைசியில் தேர்ந்தாராம். நடு எழுத்து அறிவு என்றும் கடைசி எழுத்து பிள்ளை என்றும் சொன்னது நினைவிருக்கிறது. முதல் எழுத்துக்கும் ஒரு அர்த்தம் சொன்னார். அந்த நேரம் பால் பொங்கியது, அம்மா கூப்பிட்டார், நான் குசினிக்கு ஓடினேன்.

அப்பா வேலையால் வந்து அந்தத் தாளைப் பார்த்தார். "வடிவாய் இருக்கு" என்றார். அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவிட்டார், வெளியே ஒட்டினால் வருகிறவர்கள் கேட்பார்கள் என்று.

அதன் பிறகு மதாம் அடிக்கடி கீழே வந்தார். கடைகளில் மிஞ்சிய துணிகளில் தங்கச்சிக்குச் சட்டைகள் தைத்தார். நீலக் கோடு போட்ட ஒன்றை மறக்கமுடியாது. பொத்தான் இல்லாமல், குறுக்காகக் கட்டுகிற சட்டை. அம்மா மாலை வேலைக்குப் போகும்போது தங்கச்சியை அவரிடம்தான் விட்டார். பள்ளிக்கூடம் விட்டு நான் மேலே போவேன். மதாம் தைத்தபடி "சச்சிகோ, சச்சிகோ" என்று மெல்ல இழுத்துக் கூப்பிடுவார். தங்கச்சி சத்தம் வந்த பக்கம் திரும்புவாள். திரும்பும் ஒவ்வொரு முறையும் மதாம் தையலை நிறுத்திவிட்டு அவளைப் பார்ப்பார். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை ஒருவரும் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு அவள் பேபி.

குளிர் தொடங்கியபோது அப்பப்பாவின் கடிதம் வந்தது. எழுத்தும் எண்ணும் பார்த்து ஒரு பெயர். தங்கச்சிக்கு விருப்பமில்லை, அதனால் அதை இங்கே எழுதவில்லை. நம் வயதுக்காரருக்கும் நமக்குப் பின் பிறந்தவர்களுக்கும் வைத்த நீளமான பெயர்களை நினைத்துக்கொள்ளுங்கள், அதில் ஒன்று. கடிதத்தின் அடியில், வம்சத்தில் இல்லாத பெயரைப் பிள்ளைக்கு வைத்ததாகக் கேள்விப்பட்டேன், கடதாசியிலும் அதை மாற்று என்று இரண்டு வரி. சித்தப்பா யாருக்கோ சொல்லி, அவர் யாருக்கோ எழுதி, செய்தி பெயரைவிட முந்திக்கொண்டு ஊருக்குப் போய்விட்டது.

அப்பா விசாரித்தார். பெயர் மாற்ற ரிபுனாலுக்கு, கோர்ட்டுக்கே போக வேண்டும், அவுக்கா என்கிற வக்கீலைப் பிடிக்க வேண்டும் என்றார்கள்.

"கடதாசியிலை என்ன இருந்தால் என்ன? வீட்டிலை நாங்கள் விரும்பினதைக் கூப்பிடுவம்" என்றார் அம்மா.

"அப்பு சொல்லிப்போட்டார்" என்றார் அப்பா. அப்பப்பாவை அவர் அப்படித்தான் சொல்வார்.

"மேலை இருக்கிற மனுசி என்ன நினைப்பா?"

"அவ என்ன நினைக்கப் போறா? அண்டைக்கு அவசரத்துக்கு எடுத்ததெண்டு அவவுக்குத் தெரியும்தானே. பக்கத்திலை நிண்டவ. மழைக்கு வாங்கின குடையைத் திருப்பிக் குடுக்கிறம், அவ்வளவுதான்."

"அவ அப்பிடி நினைச்சுக் குடுத்த மாதிரி எனக்குத் தெரியேல்லை."

"நீர் சும்மா எல்லாத்தையும் பெரிசாக்காதையும்."

அப்பா கெட்ட மனிதர் அல்ல. இதை எழுதும்போது அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஒருவரைப் புண்படுத்த வேண்டும் என்று அவர் வாழ்நாளில் ஒரு சொல் சொன்னதில்லை. அதனால்தான் அடுத்ததை அவரால் அவ்வளவு இயல்பாகச் செய்ய முடிந்தது. அவுக்காவோடு கதைக்க ஆள் வேண்டும். அவருக்குத் தெரிந்த, நம்பிக்கையான ஆள் ஒருவர்தான். மேலே போய் மதாமைக் கேட்டார். மதாம் சரி என்றார்.

அவுக்காவின் அறை ரூ லூயி-பிளாங் என்ற தெருவில், ஒரு பயண முகவர் கடைக்கு மேலே இருந்தது. அம்மா வேலைக்குப் போயிருந்தார். தங்கச்சி என் மடியில், அந்த நீலக் கோட்டுச் சட்டையோடு. மதாம் அன்று சாம்பல் நிறக் கோட்டுப் போட்டு, உதட்டுக்குச் சாயம் பூசி வந்திருந்தார்.

பெயரை ஏன் மாற்ற வேண்டும், வலுவான காரணம் வேண்டும் என்றார் அவுக்கா. அப்பா ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல மதாம் பிரெஞ்சில் சொன்னார். நாலைந்து சொல்லுக்கு மேல் ஆங்கிலம் எனக்குத் தெரியாது. ஆனால் பிரெஞ்சு அதற்குள் நன்றாக வந்துவிட்டது. அதனால் அப்பா சொன்னதையெல்லாம் மதாமின் வாயால்தான் கேட்டேன்.

"இந்தப் பெயருக்கும் இவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லையாம். இவர்களுடைய சமயத்தில் இது இல்லையாம். ஆட்கள் சிரிக்கிறார்களாம்."

அவுக்கா எழுதினார். அப்பா இன்னும் ஏதோ யோசித்து, வீட்டில் அம்மா சொல்லக் கேட்டது நினைவு வந்தவராகச் சொன்னார். மதாம் அப்பாவை ஒருமுறை பார்த்தார். பிறகு அவுக்காவிடம் திரும்பினார்.

"அந்த நாட்டிலேயே இப்போது இந்தப் பெயரை யாரும் வைப்பதில்லையாம். கிழவிகளின் பெயராம். பிள்ளைக்குப் பொருத்தமில்லையாம்."

ஒரு சொல்லைக் கூட விடவில்லை, குரல் கூட மாறவில்லை.

அவுக்கா பேனையைத் தட்டி, "இந்தப் பெயரை எப்படி எழுதுவது?" என்று கேட்டார். மதாம் எழுத்தெழுத்தாகச் சொன்னார். அவர் குரலைக் கேட்டுத் தங்கச்சி என் மடியிலிருந்து அவர் பக்கம் தாவினாள். நான் இழுத்துப் பிடித்தேன்.

"நீங்கள் குடும்பத்து ஆளா, மதாம்?"

"இல்லை. பக்கத்து வீடு."

அது அவருடைய பெயர் என்று அவுக்காவுக்குத் தெரியாது. அப்பா சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. வெளியே வந்ததும், இவ்வளவு தெளிவாக யாரும் கதைத்திருக்கமாட்டார்கள் என்று மதாமைப் புகழ்ந்தார்.

அதற்குப் பிறகும் மதாம் தங்கச்சியைப் பார்த்துக்கொண்டார். சட்டைகள் தைத்தார். ஆனால் 'சின்னவள்' என்று பிரெஞ்சில்தான் கூப்பிட்டார். தங்கச்சி அந்தச் சத்தத்துக்குத் திரும்ப சில கிழமைகள் எடுத்தன.

நாங்கள் பரிஸுக்கு வெளியே செவ்ரானுக்கு வீடு மாறினபோது அந்த அலுமாரியை விட்டுவிட்டு வந்தோம். ஈரத்தில் அதன் அடி ஊதிப்போயிருந்தது. கதவின் உட்பக்கத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்று ஒருவரும் நினைக்கவில்லை. மதாம் அந்த மாதம் ஜப்பானுக்குப் போயிருந்தார். சொல்லிக்கொள்ளாமலே வந்தோம். பிறகு ஒரு நாள் போய்ப் பார்த்தபோது தெருக்கதவுக்கு எண் அமுக்கித் திறக்கிற பூட்டுப் போட்டுவிட்டார்கள். வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். யாரையும் கேட்க வெட்கமாக இருந்தது, திரும்பிவிட்டேன்.

சென்ற வருடம் தங்கச்சி கர்ப்பமாக இருந்தாள். கைபேசியில் பிள்ளைப் பெயர்களைத் தட்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று, பிரெஞ்சில்தான், கேட்டாள்: "அக்கா, என் முதல் பெயருக்கு என்ன அர்த்தம்?" வீட்டில் அது எப்போதும் ஒரு பகிடிக் கதை. அர்த்தத்தை அவள் கேட்டது அன்றுதான். அறிவு, பிள்ளை என்றேன். முதல் எழுத்து தெரியாது என்றேன். நான் வேலை செய்கிற ஹோட்டலில், வரவேற்பில் ஒரு ஜப்பான் பெண் இருக்கிறாள். அவளிடம் கேட்டேன். தன் பாட்டியின் தங்கைக்கு அந்தப் பெயர், இப்போது கேட்கவே கிடைக்காத பெயர் என்று சிரித்தாள். அர்த்தம்? "எழுத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது. பல விதமாக எழுதலாம். யார் வைத்தார்களோ அவர்களைத்தான் கேட்க வேண்டும்" என்றாள்.

தீர்ப்பு வந்த நாளையும் சொல்லிவிடுகிறேன். வசந்தம் தொடங்கியிருந்தது. அப்பா கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைக் கேசரி கிண்டச் சொன்னார். தட்டில் போட்டு மூடி, "வா, மதாமுக்குக் குடுத்திட்டு வருவம்" என்றார்.

"நான் வரேல்லை. நீங்களே போங்கோ" என்றார் அம்மா.

தட்டை என்னிடம் தந்தார் அப்பா. மூன்று மாடி ஏறினோம். மதாம் கழுத்தில் அளவு நாடாவோடு கதவைத் திறந்தார். அப்பா கையைக் கூப்பினார். எல்லாம் முடிந்தது என்றார் போல. பேப்பரைக் காட்டினார். மதாம் குனிந்து வணங்கி, எனக்கும் விளங்க வேண்டும் என்றோ என்னவோ, பிரெஞ்சில் வாழ்த்துச் சொன்னார். தட்டை இரண்டு கைகளாலும் வாங்கினார்.

"புதுப் பெயர் என்ன?" என்று கேட்டார்.

அப்பா சொன்னார். நீளமான பெயர். மதாம் அதைத் துண்டு துண்டாகச் சொல்லிப் பார்த்தார். சரியா என்று என்னைக் கேட்டார். நடுவில் ஒரு எழுத்தைத் திருத்தினேன். மறுபடி சொன்னார். மூன்றாம் தரம் சொன்னபோது ஊரிலிருந்து வந்த ஒருவர் சொல்வது போலவே இருந்தது.

"என்ன அர்த்தம்?"

அதையும் பிரெஞ்சில்தான் கேட்டார். நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அப்பா வாயைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்ல எழுத்து எண்டு சொல்லு பிள்ளை. நட்சத்திரத்துக்குச் சரியான எழுத்து."

சொன்னேன். மதாம் தலையாட்டினார். மிச்சத்துக்குக் காத்திருந்தார்.

"கூட்டுத்தொகையும் நல்லது எண்டு சொல்லு."

அதையும் சொன்னேன். மதாம் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். இனி ஒன்றும் வராது என்று தெரிந்ததும், "அழகாக இருக்கிறது" என்றார். மறுபடி குனிந்து வணங்கிவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.

அப்பா சந்தோஷமாகப் படியிறங்கினார்.

"பாத்தியே பிள்ளை, மனுசி ஒண்டும் மனசிலை வைக்கேல்லை. கொம்மா சும்மா பயந்தவ."

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இறங்கியபடியே தங்கச்சியின் புதுப் பெயரைத் தனக்குள் சொல்லிப் பார்த்தார். நடுவில் தடுக்கியது. நின்று, கடதாசியைப் பார்த்து, திருப்பிச் சொன்னார். மதாம் சொன்ன அளவுக்கு அவருக்கு அது வரவில்லை.